போனில் டாக்டரா, க்ளினிக்கில் டோக்கனா?

மருத்துவ ஆப் எதைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் ஒட்டி நிற்கும். ‘இப்போதே டாக்டரிடம் பேச’ என்று ஒன்று, ‘அப்பாயின்ட்மென்ட் எடுக்க’ என்று இன்னொன்று. ஒரே அளவு, ஒரே நிறம். கடையில் அடுக்கி வைத்த இரண்டு சோப்புக் கட்டி மாதிரி, எதை எடுத்தாலும் அழுக்குப் போய்விடும் என்று தோன்றும். ஆனால் முதல் பொத்தானில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது வைத்தியம். இரண்டாவதில் வாங்குவது வரிசையில் ஓர் இடம், அவ்வளவுதான். அங்கே வைத்தியம் க்ளினிக் நாற்காலியில் போய் உட்கார்ந்த பிறகே தொடங்கும். ஏதாவது தப்பாகிப் போனால் யாரைக் கேட்பது என்பதும் இங்கேயே பிரிந்துவிடுகிறது.

இவை இரண்டும் போக, எந்த ஆப்பும் விளம்பரம் செய்யாத மூன்றாவது வழி ஒன்று உண்டு: ஏற்கெனவே உங்களைப் பார்த்துவரும் டாக்டரையே போனிலோ வீடியோவிலோ பிடிப்பது. நம் ஊர்களில் ‘கைராசி டாக்டர்’ என்று தெருவுக்கு ஒருவர் இருப்பார். அந்தக் கைராசியில் பாதி, அவருக்கு உங்கள் உடம்பு பழகியிருப்பதுதான். சல்பா மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது, உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, போன மழைக்காலத்திலும் இதே இருமல் வந்தது என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தெரிந்த டாக்டர், தெரிந்த நோய் என்றால் போன் போதும். டாக்டரோ நோயோ புதிது என்றால் டோக்கன் போட்டு நேரில் போங்கள். ஆப் அந்த நிமிடத்தில் பிடித்துக் கொடுக்கும் முன்பின் தெரியாத டாக்டரைச் சின்னச் சின்ன விஷயங்களுக்கும், ‘இதற்கு எந்த டாக்டரிடம் போக வேண்டும்’ என்று வழி கேட்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். இந்திய விதிகளைப் படித்தால் அவையும் ஏறக்குறைய இதே கோட்டைத்தான் கிழித்திருக்கின்றன என்பது தெரியும்.

ஆறு மாதக் கணக்கு

2020 மார்ச் 25, நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்கள் வெளியாயின. அதுவரை போனில் வைத்தியம் பார்ப்பது சரியா தவறா என்று டாக்டர்களுக்கே தெளிவில்லாமல் இருந்தது. 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளுக்குப் பின்னிணைப்பாக இது சேர்ந்ததும், பதிவு பெற்ற எந்த அலோபதி டாக்டரும் இந்தியாவின் எந்த மூலையில் இருக்கும் நோயாளியையும் தொலைவிலிருந்து பார்க்கலாம் என்றானது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புது நடத்தை விதிகளைக் கொண்டுவந்து, அதே மாதத்தில் நிறுத்தியும் வைத்துவிட்டதால், 2020 வழிகாட்டுதல்களே கைக்கொள்ளும் அளவுகோலாகத் தொடர்ந்தன.

அதில் நமக்கு வேண்டிய முதல் விஷயம், ‘முதல் ஆலோசனை’, ‘தொடர் ஆலோசனை’ என்ற பிரிவினை. அதே டாக்டரை, அதே நோய்க்கு, கடந்த ஆறு மாதத்துக்குள் நேரில் பார்த்திருந்தால் மட்டுமே அது தொடர் ஆலோசனை. ஆறு மாதம் தாண்டினாலோ, நோய் வேறாக இருந்தாலோ, பத்து வருடம் பழகிய டாக்டராகவே இருந்தாலும் கணக்குப்படி நீங்கள் புது நோயாளி. பழைய சிகிச்சை டாக்டருக்கு நினைவில் இல்லை என்றாலும் அப்படித்தான்.

இந்தப் பிரிவினையை வைத்துத்தான் எந்த மருந்தை எழுதலாம் என்பதும் முடிவாகிறது. ‘ஓ’ பட்டியலில் பாரசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பொடி, தொண்டைக்குச் சப்பும் மாத்திரை மாதிரியானவை. இவற்றைப் போன், சாட், வீடியோ எதில் பேசினாலும் எழுதலாம். ‘ஏ’ பட்டியல் மருந்துகளை முதல் ஆலோசனையிலேயே எழுதலாம், ஆனால் வீடியோவில் பார்த்திருக்க வேண்டும். படர்தாமரைக்கான க்ளோட்ரிமசோல் களிம்பு, சில கண் சொட்டு மருந்துகள், ஏற்கெனவே எடுத்துவரும் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளைத் தொடர எழுதித் தருவது எல்லாம் இதில் வரும். ‘பி’ பட்டியல் தொடர் நோயாளிகளுக்கு மட்டும்: நேரில் பார்த்து எழுதிய மருந்தோடு கூட ஒன்றைச் சேர்ப்பது. மருந்து விதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தும் அட்டவணை எக்ஸ் மருந்துகளும், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் வரும் அல்ப்ரசோலம், ட்ரமடால் போன்றவையும் தடைப் பட்டியல். எத்தனை வருடப் பழக்கம் இருந்தாலும் தூக்க மாத்திரைச் சீட்டைப் போனில் வாங்க முடியாததற்கு இதுதான் காரணம். டாக்டர் பிகு பண்ணுகிறார் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இதை ஆப் டாக்டருக்குப் பொருத்திப் பாருங்கள். அவருக்கு நீங்கள் எப்போதுமே புது நோயாளி. வெறும் சாட்டில் இரண்டு நிமிடம் பேசிவிட்டு ஐந்து நாள் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால், அது வேகமான சேவை என்று மகிழ ஒன்றுமில்லை. அவர் கோட்டைத் தாண்டியிருக்கிறார். ‘இதற்கு நேரில் காட்டுங்கள்’ என்று சொல்லி அனுப்பும் ஆப் டாக்டருக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்துத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர். உண்மையில் அவர்தான் நல்ல டாக்டர்.

இன்னொன்றும் அதில் இருக்கிறது. நோயாளி நேரில் வரத் தயாராக இருக்கும்போது, போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் வற்புறுத்தக் கூடாது. பேச்சின் நடுவில் இது சரிப்படாது என்று தோன்றினால் இரு தரப்பும் நிறுத்திக்கொள்ளலாம். செயற்கை நுண்ணறிவு மென்பொருள் டாக்டருக்குத் துணையாக இருக்கலாமே தவிர, நோயாளிக்கு நேரடியாக ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது.

கை வைத்துப் பார்க்க வேண்டியவை

வயிற்று வலியை எந்த வீடியோவும் காட்டாது. வலது அடிவயிற்றை அழுத்தி, கையை எடுக்கும்போது முகம் சுளிக்கிறதா என்று பார்ப்பதில்தான் குடல்வால் அழற்சி பிடிபடும். காது வலிக்கு உள்ளே விளக்கடித்துச் செவிப்பறையைப் பார்க்க வேண்டும். பறையில் ஓட்டை இருந்தால் சில சொட்டு மருந்துகளே கெடுதலாகிவிடும். மார்பில் கட்டி என்றாலும் நேரில்தான் காட்ட வேண்டும். மூச்சிரைப்பு, திடீரென ஒரு கண்ணில் பார்வை மங்குவது, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல், இவற்றுக்கெல்லாம் ஆப்பும் வேண்டாம் டோக்கனும் வேண்டாம், நேரே மருத்துவமனைதான். நெஞ்சு வலி, ஒரு பக்க வாய் கோணுதல், கை விழுந்துபோதல், பேச்சுக் குழறல் என்றால் 108. பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அதில் அரை மணி நேரத்தை ‘உங்கள் டாக்டர் விரைவில் இணைவார்’ என்ற சுழலும் வட்டத்தைப் பார்த்துக் கழிக்கக் கூடாது.

காய்ச்சல்தான் இரண்டுங்கெட்டான். தமிழ்நாட்டில் மழைக்காலம் தொடங்கினால் ஒவ்வொரு காய்ச்சலும் ‘டெங்குவா இருக்குமோ’ என்ற கேள்வியோடுதான் வரும். முதல் நாள், வேறு தொந்தரவு இல்லை, ஆள் தெளிவாக இருக்கிறார் என்றால் போன் ஆலோசனை நன்றாகவே வேலை செய்யும். பாரசிட்டமால், தண்ணீர், கஞ்சி, ஓய்வு. ஐப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். இதைச் சொல்ல நேரில் பார்க்கத் தேவையில்லை. இரண்டாம், மூன்றாம் நாளில் ரத்த அணுக்கள் எண்ணிக்கைச் சோதனையும், முதல் ஐந்து நாளுக்குள் என்றால் டெங்குவுக்கான என்.எஸ்.1 சோதனையும் எழுதித் தருவார். ஐந்து நாள் தாண்டினால் ஐ.ஜி.எம். சோதனைதான் கைகொடுக்கும்.

தப்பு நடப்பது இதற்கு அப்புறம். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவே காய்ச்சல் இறங்கும். ‘நல்லாயிடுச்சு டாக்டர்’ என்று செய்தி போகும். டெங்குவில் ஆபத்தான கட்டமே அதுதான்: ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து பிரஷர் இறங்கும் நேரம். விடாத வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கறுப்பு மலம், கை கால் சில்லிடுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது, ஆள் அசதியாகி எதற்கும் பதில் சொல்லாமல் கிடப்பது, இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் போனைக் கீழே வைத்துவிட்டுப் படுக்கை வசதி உள்ள மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். தெரிந்த டாக்டர் என்றால் நான்காம் நாள் அவரே ‘என்னாச்சு?’ என்று கேட்க வாய்ப்பிருக்கிறது. ஆப்பில் நான்காம் நாள் அந்தச் சாட் மூடியிருக்கலாம். வேறொரு டாக்டர் வந்து ‘எத்தனை நாளாகக் காய்ச்சல்?’ என்று முதலிலிருந்து தொடங்குவார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும் பங்கு இதுதான்.

குழந்தைக் காய்ச்சலில் இன்னொரு பொறி. பாரசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 120, 125, 250 மில்லிகிராம் என்று வெவ்வேறு வீரியத்தில் வருகிறது. சொட்டு மருந்தில் 1 மில்லிக்கே 100 மில்லிகிராம். டாக்டர் 125-ஐ மனதில் வைத்து ‘5 மில்லி கொடுங்க’ என்பார். வீட்டில் இருப்பது 250 பாட்டிலாக இருக்கும். அளவு இரட்டிப்பாகிவிடும். குழந்தையின் எடையைக் கிலோவில் சொல்லுங்கள், பாட்டிலின் லேபிளைக் கேமராவில் காட்டுங்கள், மில்லிகிராமிலும் மில்லியிலும் இரண்டு வகையாகவும் எழுதி வாங்குங்கள். மைனர் என்றால் பெரியவர் ஒருவர் கூட இருந்தே பேச வேண்டும் என்பதும் விதி.

வீடியோவுக்கு உட்காரும் முன்

தொலைவிலிருந்து பார்க்கும் டாக்டருக்குக் கை இல்லை. உங்கள் வீட்டுக் கருவிகள்தான் அவருக்குக் கை. அதில் பிழை இருந்தால் மருந்திலும் பிழை வரும்.

பிரஷர் மெஷின் மேற்கையில் கட்டும் வகையாக இருக்கட்டும். மணிக்கட்டில் கட்டுவது நம்பகம் குறைவு. ஐந்து நிமிடம் பேசாமல் முதுகு சாய்த்து உட்கார்ந்து, சட்டைக் கை இல்லாத வெறும் தோலில், கை இதய உயரத்தில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுக்க வேண்டும். காலையில் மாத்திரைக்கு முன்னும் மாலையிலும் இப்படியே, ஏழு நாள். முதல் நாள் அளவைத் தள்ளிவிட்டு மீதி ஆறு நாளின் சராசரியைச் சொல்லுங்கள். வீட்டு அளவில் 135/85-ஐத் தொட்டால் அது உயர் ரத்த அழுத்தம். க்ளினிக்கில் சொல்லும் 140/90 இங்கே பொருந்தாது. டீ குடித்த கையோடு ஒரு தடவை எடுத்த 150-ஐ அனுப்பினால் மாத்திரை ஒன்று கூடிவிடும்.

சர்க்கரைக்கு விரலில் குத்தும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். மாம்பழம் உரித்த கை 200-ஐயும் காட்டும். ஆக்சிஜன் மீட்டர் குளிர்ந்த விரலிலும் நகப்பூச்சிலும் தடுமாறும். கருத்த தோலில் உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டவும் வாய்ப்புண்டு என்பதால், 94 வந்துவிட்டதே என்று மூச்சுத் திணறலை அலட்சியம் செய்ய வேண்டாம்.

தோல் நோய்க்கு நேரலை வீடியோவைவிட போட்டோதான் மேல். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம், ஃப்ளாஷ் இல்லாமல், லென்ஸைத் துடைத்துவிட்டு எடுங்கள். உடம்பின் எந்த இடம் என்று தெரியும்படி தள்ளி நின்று ஒன்று, ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்துக் கிட்டத்தில் ஒன்று. இதைவிட முக்கியம், இதுவரை தடவிய ட்யூப்களைக் காட்டுவது. மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிய ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவினால் படர்தாமரையின் உருவமே மாறிப்போகும். அதை மறைத்தால் கண்ணுக்கு முன்னால் இருக்கும் நோயையே டாக்டர் தவறவிடுவார்.

தெரிந்த டாக்டருக்கு வாட்ஸ்அப் அனுப்பும்போது ‘ஹாய் டாக்டர்’ என்று போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். ஒரே செய்தியில் எல்லாம் வரட்டும்: “வணக்கம் டாக்டர். கமலா, வயது 62. கடைசியாக நேரில் பார்த்தது செப்டம்பர் 10, பிரஷருக்காக. இப்போது மூன்று நாளாகக் கால் வீக்கம், மாலையில் அதிகம். மூச்சு வாங்கவில்லை. ஒரு வார பிரஷர் சராசரி 142/88. எடுக்கும் மாத்திரைகள் போட்டோவில். சல்பா ஒத்துக்காது. எப்போது கூப்பிடலாம்?” இதைப் படித்ததுமே போனில் முடியுமா, வரச் சொல்வதா என்று அவருக்குத் தெரிந்துவிடும். தானாக அழியும் செய்தி வசதியை அணைத்து வையுங்கள். பேசியதன் பதிவை டாக்டரும் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நாளைக்கு உங்களுக்கும் அதுதான் ஆதாரம்.

டோக்கன் தளம் என்ன செய்யும், என்ன செய்யாது

முன்பதிவுத் தளத்தின் உண்மையான பலம் தேடல். முழங்கால் வலிக்கு உங்கள் பகுதியில் எலும்பு மருத்துவர் யார், சனிக்கிழமை மாலை உட்காருபவர் யார், கட்டணம் எவ்வளவு என்பதைப் பத்து க்ளினிக்குக்குப் போன் போடாமல் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனை டாக்டர்கள் பலர் மாலையில் சொந்த க்ளினிக் வைத்திருப்பார்கள். அந்த நேரங்களைக் கண்டுபிடிக்கவும் இது உதவும்.

பட்டியலில் மேலே இருப்பவர் சிறந்த டாக்டர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலே இருக்கும் சில இடங்கள் விளம்பரக் காசுக்கு வந்தவை. சின்ன எழுத்தில் அப்படிப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நட்சத்திரங்களும் பெரும்பாலும் காத்திருந்த நேரத்தையும் வரவேற்பில் இருந்தவரின் முகத்தையும்தான் அளக்கின்றன. ஆப்பரேஷன் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய டாக்டருக்குப் புகழுரை எழுத யாருக்கும் தோன்றாது. விமர்சனங்களில் பயனுள்ளவை குறைந்த மதிப்பெண் கொடுத்தவைதான். அவற்றில் ஒரே புகார் நான்கைந்து முறை திரும்பி வந்தால் (பேசவே விடவில்லை, அவர்களிடமே ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள்) அதற்கு அர்த்தம் இருக்கிறது.

படிப்பைப் பாருங்கள். எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் எம்.டி., எம்.எஸ்., டி.என்.பி. என்பவை சிறப்பு மருத்துவம், டி.எம்., எம்.சி.எச். அதற்கும் மேல். பி.எஸ்.எம்.எஸ். சித்தா, பி.ஹெச்.எம்.எஸ். ஹோமியோபதி. ‘தோல் நிபுணர்’ என்று தலைப்பில் இருக்கும், கீழே எம்.பி.பி.எஸ்.ஸோடு ஒரு சில மாத அழகுக்கலைச் சான்றிதழ் இருக்கும். தொலைமருத்துவம் தரும் தளம் ஒவ்வொரு டாக்டரின் பெயர், படிப்பு, பதிவு எண், தொடர்பு விவரம் ஆகியவற்றைக் காட்ட வேண்டும் என்பது 2020 வழிகாட்டுதலில் உள்ள கட்டாயம். அந்தப் பதிவு எண்ணைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள பதிவேட்டில் போட்டுப் பாருங்கள். பெயரை வைத்துத் தேடினால் நம் ஊர் இனிஷியல் குழப்பிவிடும்: ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால், இன்னோரிடத்தில் அப்பா பெயர் முழுசாக விரிந்து நிற்கும். எண்ணும் மாநில மருத்துவக் கவுன்சிலின் பெயரும் தெரிந்தால் போதும்.

அடுத்து நேரம். திரையில் ‘மாலை 6.40’ என்று வருவது, பெரும்பாலான இடங்களில் நீங்கள் வரிசையில் சேரும் நேரம். க்ளினிக் வரவேற்பில் தனியாக ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும்; போனில் சொன்னவர்கள், நேரில் வந்து பேர் கொடுத்தவர்கள் எல்லோரும் அதில். ஆப்பின் கணக்கும் நோட்டின் கணக்கும் ஒத்துப்போகாமல் ஒரே நேரத்துக்கு மூன்று பேர் நிற்பது சாதாரணம். அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் என்றால் தியேட்டரிலிருந்து எப்போது வருவார் என்று ஆப்புக்குத் தெரியாது. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு க்ளினிக்கைக் கூப்பிட்டு ‘டாக்டர் வந்துட்டாரா, எத்தனையாவது டோக்கன் போகுது?’ என்று கேட்பதை எந்தத் தொழில்நுட்பமும் இன்னும் மிஞ்சவில்லை. இலங்கையில் டாக்டரைச் ‘சனல் பண்ணுவது’ என்பார்கள். அங்கும் கையில் கிடைப்பது ஓர் இலக்கம், நேரம் உத்தேசம்தான்.

காசு, சீட்டு, ரசீது

டாக்டர் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. தளம் தன் சேவைக்கு வாங்கும் கட்டணத்துக்கு 18 சதவீதம் உண்டு. டாக்டருக்கு 500, தளத்துக்கு 50 என்றால் பில் 559 வர வேண்டும்; மொத்தத் தொகைக்கும் வரி போட்டு 649 வந்தால் கேள்வி கேளுங்கள். முன்கூட்டிக் கட்டும் முன், டாக்டர் வராவிட்டால் பணம் தானாகத் திரும்புமா, ஆப்புக்குள் கூப்பனாக மட்டும் வருமா என்று பாருங்கள். க்ளினிக்கிலேயே கட்டும் வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுப்பது நல்லது.

தெரிந்த டாக்டர் போனில் பார்த்தால் காசு வாங்க மாட்டார் என்று எதிர்பார்ப்பது நம்மிடம் உள்ள ஒரு கெட்ட பழக்கம். நேரில் வாங்கும் கட்டணத்தை வாங்க அவருக்கு உரிமை இருக்கிறது. ரசீது தர வேண்டிய கடமையும் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். புறநோயாளிச் செலவுக்கும் காப்பீடு எடுத்தவர்களுக்கு அது பயன்படும். நேரில் பார்க்கும் ஆலோசனை பாலிசியில் அடங்கும் இடத்தில் தொலைமருத்துவத்தையும் ஏற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஜூனில் சொல்லியிருக்கிறது. காப்பீடே இல்லாத 60 வயதைத் தாண்டியவர்களின் மருத்துவச் செலவை, பழைய வரி முறையில் 50,000 ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழிக்கலாம். ரொக்கமாகக் கொடுத்தது கணக்கில் வராது.

மருந்துச் சீட்டில் டாக்டர் பெயர், பதிவு எண், தேதி, நோயாளியின் பெயர், வயது, மருந்தின் பொதுப்பெயர், வீரியம், எத்தனை வேளை, எத்தனை நாள், கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். கையெழுத்திட்ட சீட்டின் போட்டோவோ ஸ்கேனோ மின்சீட்டோ செல்லும். வாட்ஸ்அப்பில் வெறும் எழுத்தாக ‘அசித்ரோமைசின் 500, மூணு நாள்’ என்று வந்தால் அது சீட்டே ஆகாது. மெடிக்கலில் மறுத்தால் கடைக்காரர் பக்கம்தான் நியாயம். ஆப்பில் சீட்டு வந்ததுமே அதே ஆப்பின் மருந்துக் கூடையில் எல்லாம் தானாக விழுந்திருக்கும். எந்தக் கடையிலும் வாங்கும் உரிமை உங்களுடையது. பி.டி.எஃப்.பை இறக்கிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போகலாம்.

காசே வேண்டாம் என்றால் அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி இருக்கிறது. மொபைல் எண், ஓ.டி.பி., மாநிலம், புறநோயாளிப் பிரிவு, டோக்கன், காத்திருப்பு, வீடியோ, மின்சீட்டு என்று படிகள் நேராக இருக்கும். மனநலத்துக்கு 14416, அரசின் டெலி மானஸ் உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து. மனநல ஆலோசனை என்பது, பேச்சே பரிசோதனையாக இருப்பதால், தொலைவிலிருந்து மிக நன்றாக நடக்கக்கூடிய ஒரு துறை.

மோசடி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பெரிய மருத்துவமனையின் எண்ணைக் கூகுளில் தேடி, மேலே வந்த எண்ணைக் கூப்பிடுவார்கள். எதிர்முனையில் மரியாதையாகப் பேசி, ‘டோக்கன் உறுதி செய்ய 5 ரூபாய் மட்டும் கட்டுங்க’ என்று ஒரு லிங்க் வரும், அல்லது ஏதோ ஓர் ஆப்பை நிறுவச் சொல்வார்கள். ஐந்து ரூபாய் ஒரு பொருட்டா என்று கட்டினால் கணக்கு காலியாகும். பழைய சீட்டின் தலைப்பில் அச்சிட்டிருக்கும் எண்ணையே நம்புங்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930. டாக்டரின் நடத்தையில் குறை என்றால் மாநில மருத்துவக் கவுன்சில். தளத்தின் சேவையில் குறை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. டோக்கன் தளத்தில் பதிவு செய்து போன இடத்தில் சிகிச்சை தவறினால் பெரும்பாலும் தளம் ‘நாங்கள் வெறும் இணைப்புப் பாலம்’ என்று ஒதுங்கிக்கொள்ளும். பதிவு செய்யும்போது ஒப்புக்கொண்ட நிபந்தனைகளில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஊரில் பெற்றோர், வெளியூரில் பிள்ளைகள்

இந்தக் கேள்வி அதிகம் எழுவது இங்கேதான். அம்மா தென்காசிப் பக்கம், மகள் சிங்கப்பூரில். மகள் தன் ஆப்பிலிருந்து அம்மாவுக்காகப் பேசுகிறாள். அம்மா திரையில் கூட இருந்தால் சிக்கலில்லை. இல்லாவிட்டால், அம்மா தானாகப் பேச இயலாத நிலையில் இருந்தாலோ, மகளுக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்திருந்தாலோ டாக்டர் பேசலாம். இரண்டு வரியில் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கி, போட்டோவாக வைத்துக்கொண்டால் போதும். அம்மா இந்தியாவுக்கு வெளியே இருக்கும்போது ஊர் டாக்டரிடம் பேசுவது இந்த வழிகாட்டுதலுக்குள் வராது. அங்குள்ள சீட்டுதான் அங்குள்ள மருந்தகத்தில் செல்லும்.

இவர்களுக்கு நாங்கள் சொல்வது: ஊர் வரும்போது அம்மாவை உள்ளூர் டாக்டர் ஒருவரிடம் நேரில் காட்டி, ‘அவசரமில்லாததற்குப் போனில் பார்ப்பீர்களா, எந்த நேரம், எவ்வளவு கட்டணம்’ என்று கேட்டுவிடுங்கள். அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை டோக்கன் போட்டு நேரில் போக வேண்டும். நாட்காட்டியில் ஐந்தாவது மாதமே குறித்து வைத்தால் தொடர் ஆலோசனைத் தகுதி அறுபடாது. நடுவில் வருவதெல்லாம் போனில். ஆப்பில் வரும் ஒவ்வொரு சீட்டையும் சோதனை முடிவையும் ‘2025-11-04 ரத்தம்’ என்பது போலத் தேதியை முதலில் போட்டு ஒரே கோப்புறையில் சேமியுங்கள். அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கான 14 இலக்க ஆபா எண் எடுத்தால், அதோடு இணைந்த மருத்துவமனைப் பதிவுகளும் ஓரிடத்தில் தெரியும். ஆனாலும் வீட்டில் ஒரு தாள் இருக்கட்டும்: மாத்திரைகளின் பெயரும் வேளையும், ஒத்துக்கொள்ளாத மருந்து, டாக்டரின் எண், இரவில் திறந்திருக்கும் பக்கத்து மருத்துவமனை, ஆட்டோக்காரரின் எண், 108. பெரிய எழுத்தில், குளிர்சாதனப் பெட்டியின் கதவில், அம்மா கண்ணாடி போடாமலே படிக்கும் அளவுக்கு.